அண்டை நாட்டுத் தலைவர்களின் ஆண்டு மகாநாடு

ஒரு தெருவில் வாழும் குடும்பத்தார் தம்முட் பிணங்கி, ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாது காலங்கழித்தல் உலகில் யாண்டும் காணப்படுவதே. ஆயினும், அத்தெருவிற்குப் பொதுவாகிய கிணறு தூர்ந்துபோமாயின், பேசாதிருந்தவரும் ஓரிடத்திற் கூடிப் பேசியே தீரல்வேண்டும். மேலும், அண்டை வீட்டானோடு ஒத்துவாராதவன் தன் வீட்டை விற்றுவிட்டு வேறொரு தெருவிற் குடியேறலாம். நாடுகளுக்கோ அவ்வழி இல்லை. இமயமலையும் இந்து மகா சமுத்திரமும் தம் இடம்விட்டுப் பெயரா. அவற்றினிடையே அமைந்த தேசங்களும் பெயரா. ஆதலின் அண்டை நாட்டார் ஆண்டுக்கொருமுறையேனும் கூடிக் கலந்து பேசுதற்குரிய ஓர் ஏற்பாடு இன்றியமையாதது. அத்தகைய ஏற்பாடொன்று நம் பகுதியில் அமைந்திருந்தும் செயலற்றுக் கிடத்தலைக் குறித்து, எமது கருத்துக்கள் சிலவற்றை வாசகர்முன் வைக்க விரும்புகின்றோம்.

நாம் கருதுவது, 'சார்க்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் தென்னாசியப் பிரதேச ஒத்துழைப்புச் சங்கத்தையாம். இதற்கு வித்திட்டவர் வங்காளதேசத்தின் ஜனாதிபதியாயிருந்த ஜியாவுர் ரஹ்மான் அவர்கள். 1980-ஆம் ஆண்டில் அவர் அண்டை நாட்டுத் தலைவர்களுக்கு நிருபங்கள் விடுத்து, நாமனைவரும் ஓரிடத்திற் கூடுதல் நலமன்றோ என வினவினார். 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஏழு நாடுகளின் வெளிநாட்டு இலாகாக் காரியதரிசிகள் கொழும்பு நகரிற் கூடி இதனை ஆராய்ந்தனர். அடுத்த மாதமே ஜியாவுர் ரஹ்மான் சிட்டகாங் நகரிற் கொலையுண்டார். தாம் இட்ட வித்து முளைவிட்டதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1985-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதம் 7, 8-ஆம் தேதிகளில், இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகளின் தலைவர்களும் டாக்கா நகரிற் கூடிச் சங்கத்தின் சாஸனத்திற் கையொப்பமிட்டனர். 2007-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானம் எட்டாவது உறுப்பாகச் சேர்ந்தது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இவ்வெட்டு நாடுகளில் வாழ்கின்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அச்சாஸனத்தின் விதிகளுள் மூன்று இங்கு நமக்கு வேண்டுவன. தலைவர்கள் ஆண்டுக்கொருமுறையும், வேண்டுமாயின் அதற்கு மிகுதியாகவும் கூடல்வேண்டும் என்பது ஒன்று. எத்தீர்மானமும் அனைவரும் ஒருமித்தே செய்யப்படல்வேண்டும் என்பது மற்றொன்று. இரு நாடுகளுக்கிடையேயுள்ள வழக்குகளும், வாதத்திற்கிடமான பொருள்களும் பொது அவையில் எடுத்தல் கூடாது என்பது பிறிதொன்று. இம்மூன்றனுள் பின்னிரண்டும் வழுவாது காக்கப்பட்டன. முதல் விதியே முதலில் முறிந்தது. 1985 முதல் 2014 ஈறாகவுள்ள முப்பது ஆண்டுகளில் நடைபெற்ற மகாநாடுகள் பதினெட்டே. 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காட்மாண்டு நகரிற் கூடிய பதினெட்டாவது மகாநாட்டில், இனி இரண்டாண்டுகட்கு ஒருமுறையேனும் கூடுவோம் எனத் தலைவர்கள் தம் பிரகடனத்திற் கூறினர். ஆண்டு விரதத்தை ஈராண்டு விரதமாக்கிக்கொண்ட பின்னரும் அது நிறைவேறவில்லை. அதன்பின் ஒரு மகாநாடேனும் கூடியதில்லை.

இவ்வாறு தடைப்பட்டமைக்குரிய காரணங்களை வரிசைப்படுத்தி நோக்குவோமாக. 1989-ஆம் ஆண்டின் மகாநாடு கொழும்பில் நடைபெறற்குரியது. இந்தியப் பட்டாளம் இலங்கை மண்ணில் நிற்குங்காறும் அதனை நடத்துதல் இயலாதென்று ஜனாதிபதி பிரேமதாஸா நின்றமையின் அது நடைபெறவில்லை. 1991-இல், பூட்டான் மன்னர் தம் நாட்டுக் கலவரத்தால் வர இயலாதென, அனைவரும் வந்தாலன்றிக் கூடுதல் பொருந்தாதென்று இந்தியாவும் விலகியது. மகாநாடு பிற்போடப்பட்டு, டிஸம்பர் 21-ஆம் தேதி ஒரே நாளிற் சுருங்க முடிந்தது. 1992 டிஸம்பரில் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டதன்பின் எழுந்த கலவரங்களால் டாக்கா மகாநாடு 1993 ஏப்ரலுக்குத் தள்ளிற்று. 1999 அக்டோபரில் பாகிஸ்தானத்தில் சேனாபதி முஷாரப் ஆட்சியைக் கைப்பற்ற, அவரோடு ஒரு மேசையில் அமர இந்தியா இசையாமையால், காட்மாண்டு மகாநாடு 2002 ஜனவரி வரை நடைபெறாது நின்றது. 2005-இல் முதலில் ஆழிப்பேரலையாலும், பின்னர் நேபாள மன்னர் ஆட்சி முழுவதையும் தம் கைக்கொண்டமை முதலிய காரணங்களாலும் இரு முறை தள்ளப்பட்டது. இறுதியாக, 2016 நவம்பரில் இஸ்லாமாபாத்திற் கூடவிருந்த பத்தொன்பதாவது மகாநாடு, அவ்வாண்டு ஸெப்டம்பர் 18-ஆம் தேதி ஊரி என்னுமிடத்தில் இந்தியப் படைமுகாம் தாக்கப்பட்டதன் விளைவாக நின்றது. இந்தியா வாராதென அறிவித்தவுடன், வங்காளதேசம், பூட்டான், ஆப்கானிஸ்தானம் ஆகியனவும் அவ்வாறே அறிவித்தன.

இவற்றுள் ஆழிப்பேரலை ஒன்றே இயற்கையால் விளைந்த இடையூறு. ஏனைய யாவும் மனிதர் பிணக்கால் விளைந்தன. சில காரணங்கள் கனமானவை, சில இலேசானவை. ஆயினும் அனைத்திற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. ஒருவர் வாராராயின் எவரும் கூடுதல் இல்லை என்னும் வழக்கமே அது. சாஸனம் ஒருமித்த உடன்பாட்டை வேண்டுவது தீர்மானங்களுக்கேயாம். அவ்விதி நாளடைவில், வருகைக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டுவிட்டது. இதனால், வருதல் ஒரு கடமையாயிராது, வாராமை ஓர் ஆயுதமாயிற்று. எட்டுப் பேர் கூடும் அவையை ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே கலைத்துவிடலாம் என்னும் நிலை வந்தபின், அவ்வவை எங்ஙனம் நிலைபெறும்?

இனி, இம்மகாநாடுகளால் விளைந்த நன்மை யாதென்று வினவுவோர் பலர். புகைப்படமெடுத்தல், விருந்துண்ணல், நீண்ட பிரகடனம் வாசித்தல், விமானமேறி வீடு திரும்பல் என்பனவே இவற்றின் காரியக்கிரமம் என அவர்கள் இகழ்வர். இவ்விகழ்ச்சியில் உண்மை சிறிதும் இல்லையென நாம் கூறோம். உலக வங்கியாரின் கணக்குப்படி, இந்நாடுகளின் வியாபாரத்தில் தம்முட் செய்துகொள்வது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. 2006-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் தடையிலா வியாபார உடன்படிக்கை அமலுக்கு வந்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறிற்றில்லை. இத்தனை மகாநாடுகளுக்குப் பின் இவ்வளவுதானா என்று கேட்டல் நியாயமே.

ஆயினும், இம்மகாநாடுகளின் உயர்ந்த பயன் மண்டபத்தினுள் வாசிக்கப்பட்ட உரைகளில் இல்லை. மண்டபத்தின் புறத்தே, இருவர் இருவராகத் தலைவர்கள் கண்டு பேசியதிலேதான் உள்ளது. வழக்குகளை அவையில் எடுத்தலாகாது என்று விதித்த சாஸனமே, அவற்றைத் தாழ்வாரத்திற் பேசுதற்கு வழி திறந்துவிட்டது. 1986 நவம்பரில் பெங்களூரில் இரண்டாவது மகாநாடு கூடியபோது, பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் இலங்கைத் தமிழர் பிரச்சினையைப் பற்றிக் கலந்து பேசினர். அது சங்கத்தின் நிகழ்ச்சிநிரலில் இல்லாத பொருள். அன்று அது முடிவு பெறவில்லையெனினும், நாடறிந்த அச்சிக்கலைப் பேசுதற்கு ஓர் இடத்தையும் நேரத்தையும் அம்மகாநாடு அளித்தது.

1988-ஆம் ஆண்டு டிஸம்பர் இறுதியில் இஸ்லாமாபாத்தில் நான்காவது மகாநாடு கூடிற்று. அம்மாதத்தின் தொடக்கத்தில்தான் பெனாஸிர் புட்டோ அம்மையார் பிரதம மந்திரிப் பதவியேற்றிருந்தார். மகாநாட்டிற்கென வந்த ராஜீவ் காந்தியும் அவரும் கண்டு பேசினர். அதன் பயனாக, ஒரு நாட்டின் அணுசக்தி நிலையங்களை மற்றொரு நாடு தாக்குதலாகாது என்னும் உடன்படிக்கை டிஸம்பர் 31-ஆம் தேதி கையொப்பமாயிற்று. அதன்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியில் இரு நாட்டாரும் தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றனர். 1999-இல் கார்கில் மலைகளிற் போர் நடந்த பின்னரும், 2019-இல் புல்வாமாவில் நாற்பது வீரர் மாண்ட பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுசக்தி நிலையங்களை அருகே வைத்துக்கொண்டு வாழும் தமிழ்நாட்டு மக்களுக்கு இவ்வுடன்படிக்கையின் அருமை எடுத்துரைக்க வேண்டுவதின்று. தேதி குறித்த காரியம், பகை முற்றிய காலத்தும் நடைபெறக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மற்றொரு சான்றும் உளது. 2001 டிஸம்பர் 13-ஆம் தேதி புதுதில்லிப் பாராளுமன்றம் தாக்கப்பட்டது. இரு நாட்டுச் சேனைகளும் எல்லையில் அணிவகுத்து நின்றன. அந்நிலையில் 2002 ஜனவரியில் காட்மாண்டில் மகாநாடு கூடிற்று. தம் உரையை முடித்த முஷாரப் நேரே நடந்து சென்று பிரதம மந்திரி வாஜ்பாயியின்முன் கைநீட்டினார். வாஜ்பாய் எழுந்து அக்கையைப் பற்றினார். பின்னர்த் தம் உரையில், கைகொடுத்தலோடு நில்லாது, பாகிஸ்தானத்தின் மண்ணிலிருந்து பயங்கரச் செயல்கள் நிகழாவண்ணம் காத்தலும் வேண்டுமெனத் தெளிவாகக் கூறினார். மரியாதையும் உறுதியும் ஒருங்கு நிற்றல் கூடும் என்பதை அன்று உலகம் கண்டது. ஈராண்டு கழித்து, 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத் மகாநாட்டிற்குச் சென்ற வாஜ்பாயியிடம், தம் ஆட்சிக்குட்பட்ட எப்பகுதியும் பயங்கரவாதத்திற்குத் துணையாகாது என முஷாரப் கூட்டறிக்கையில் வாக்களித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஸ்ரீநகருக்கும் முஸாபராபாத்திற்கும் இடையே பஸ் வண்டி ஓடிற்று. பல்லாண்டு பிரிந்திருந்த உறவினர் ஒருவரையொருவர் கண்டனர்.

இவ்விடத்தில், எதிர்க்கட்சியார் கூறும் வலிய தடையொன்றை நாம் எதிர்கொள்ள வேண்டும். "அவ்வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா? 2008 நவம்பரில் பம்பாய் நகரம் இரத்த வெள்ளத்தில் மிதக்கவில்லையா? 2025 ஏப்ரலில் பஹல்காமிற் சுற்றுலாச் சென்றோர் சுட்டுக் கொல்லப்படவில்லையா? கொலைஞர்க்கு இடங்கொடுப்பவர் வீட்டில் விருந்துண்ணச் செல்லுதல் மாண்டவரை அவமதிப்பதன்றோ?" என்பர் அவர். இக்கேள்வியின் பின்னேயுள்ள துயரத்தை எவரும் எளிதாக எண்ணுதல் கூடாது. தம் மக்களைக் காத்தல் அரசின் முதற் கடமை. பயங்கரவாதத்திற்கு இடங்கொடுப்போரைக் கண்டித்தலும், தண்டித்தலும், அவர்மீது பிற நாடுகளின் வற்புறுத்தலைத் திரட்டுதலும் நேர்மையான செயல்களே.

ஆயினும் நாம் ஒன்று வினவுகின்றோம். 2016 முதல் மகாநாடு கூடாமையால் பயங்கரவாதம் குறைந்ததா? கூட்டம் நின்றது, குண்டுகள் நிற்கவில்லை. மேலும், மகாநாடு என்பது அழைக்கும் நாட்டின் வீட்டு விருந்தன்று. அஃது எட்டு நாட்டாரின் பொதுச் சொத்து. அங்குச் செல்லுதல் அழைத்தவர்க்குச் செய்யும் உபசாரமாகாது. ஏனைய ஆறு நாட்டார்க்குச் செய்யும் கடமையாகும். குற்றம் புரிந்தவரைப் பலர் முன்னிலையில் நேர்நின்று கேட்டற்குரிய அவையை நாமே மூடிவிடின், அதனால் மகிழ்பவர் எவர்? கேள்விக்கு அஞ்சுபவரே மகிழ்வர்.

இரு பெரிய நாடுகளின் பிணக்கில் மிகுதியாக நலிவன சிறிய நாடுகளே. நேபாளமும் பூட்டானும் கடற்கரையில்லா மலைநாடுகள். மாலத்தீவோ மலையே இல்லாத கடல்நாடு. கடல்மட்டம் சிறிது உயரினும் அதன் நிலம் மூழ்கத் தொடங்கும். பெரிய நாட்டோடு தனித்துப் பேசுங்கால் சிறிய நாட்டின் குரல் தணிந்தே ஒலிக்கும். எட்டுப் பேர் சரியாசனமிட்டு அமரும் அவையில் மட்டுமே அது சமமாக ஒலிக்கும். 2014-இல் காட்மாண்டில் மின்சார ஒத்துழைப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 2024 நவம்பரில் நேபாளத்து ஆறுகளிற் பிறந்த மின்சாரம் இந்தியக் கம்பிகளின் வழியே வங்காளதேசத்தை அடைந்தது. இஃது எத்துணை இனிய செய்தி! எனினும் அது எட்டு நாட்டுத் திட்டமாக வளரவில்லை. மூன்று நாடுகள் தனித்துச் செய்துகொண்ட ஏற்பாடாகவே நின்றது. அதே மகாநாட்டில் மோட்டார் வண்டிப் போக்குவரத்து உடன்படிக்கையும் ரயில்வே உடன்படிக்கையும் பாகிஸ்தானத்தின் இசைவின்மையால் முடிவுறாது நின்றன. மூன்று மாதத்திற்குள் மந்திரிகள் கூடி முடிக்கவேண்டும் என்று தலைவர்கள் பணித்தும் அவை முடியவில்லை. ஏன் முடிக்கவில்லை என்று கேட்க வேண்டிய அடுத்த மகாநாடு கூடவேயில்லை.

தென்கிழக்கு ஆசியாவின் 'ஆஸியான்' சங்கத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று. 1967 ஆகஸ்டு 8-ஆம் தேதி பாங்காக் நகரில் ஐந்து நாட்டு மந்திரிகள் அதனைத் தோற்றுவித்தனர். முதன்முறையாகத் தலைவர்கள் பாலித் தீவிற் கூடியது 1976-இல்தான். தொடக்கத்தில் அவர்களும் அருகியே கூடினர். ஆனால் நாளடைவில் ஆண்டுதோறும் கூடும் வழக்கம் வேரூன்றிற்று. 2009 முதல் ஆண்டிற்கு இருமுறை கூடுகின்றனர். அவர்களுக்குள் பிணக்கு இல்லையென எவரும் எண்ணற்க. தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையிலுள்ள ஒரு பழங்கோயிலைச் சுற்றிய நிலத்திற்காக 2011-இல் பீரங்கிப் போர் செய்தன. அவ்வாண்டு மே மாதம் ஜகார்த்தாவில் மகாநாடு நடைபெற்றபோது, இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் வந்தனர். இந்தோனேஷிய ஜனாதிபதி அவ்விருவரையும் உடனிருத்திப் பேசினார். 2025 ஜூலையில் மீண்டும் போர் மூண்டபோது, அவ்வாண்டின் தலைமை நாடாகிய மலேஷியாவின் பிரதம மந்திரி ஐந்தே நாளில் இருவரையும் தம் நாட்டிற்கு அழைத்துப் போர்நிறுத்தத்திற்கு இசைவித்தார். அவ்வமைதியும் நிலைக்காது, ஆண்டிறுதியில் மறுபடியும் சண்டை எழுந்தது உண்மையே. கூடிப் பேசுதல் சஞ்சீவி மருந்தன்று. ஆயின், மருத்துவமனை எல்லா நோயையும் தீர்ப்பதில்லை என்று கருதி அதனை மூடிவிடுவார் உளரோ?

இன்னும் ஒன்று. 2021-இல் மியான்மரில் சேனாபதிகள் ஆட்சியைக் கவர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மகாநாட்டிற்கு அவர்தம் தலைவரை அழையாது விடுத்தனர் ஆஸியான் நாட்டார். மியான்மரின் நாற்காலி வெறுமையாகவே இருந்தது. மகாநாடோ குறித்த நாளில் நடைபெற்றது. அதற்கு முந்திய மாதம் நியூயார்க் நகரிற் கூடவிருந்த சார்க் மந்திரிகளின் கூட்டத்தை நோக்குமின். ஆப்கானிஸ்தானத்தின் நாற்காலியில் எவர் அமர்வது என்னும் வாதம் எழவே, கூட்டமே நின்றுபோயிற்று. ஓரிடத்தில் ஒரு நாற்காலி வெறுமையாயிற்று. மற்றோரிடத்தில் மண்டபமே வெறுமையாயிற்று. இரண்டு சங்கங்களுக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாம்.

இதற்கு மாற்றாக, வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளின் 'பிம்ஸ்டெக்' சங்கம் போதுமென்பாரும் உளர். அதுவும் நன்றே, ஆயினும் 1997-இல் தோன்றிய அச்சங்கத்தின் தலைவர்கள் 2025 ஏப்ரலில் பாங்காக்கிற் கூடியது ஆறாவது முறையே. மேலும் பாகிஸ்தானமும், ஆப்கானிஸ்தானமும், மாலத்தீவும் அதில் இல்லை. பிணக்குடையவரை விலக்கிவிட்டு இணக்கமுடையவர் மட்டும் கூடுதல் எளிது; ஆயின் அதனாற் பிணக்கு தீராது.

எனவே, நாம் பணிவுடன் கூறும் யோசனைகள் மூன்று. முதலாவது, மகாநாட்டின் தேதியை எவர் விருப்பிற்கும் விடாது நிலையாக வரையறுத்தல் வேண்டும். சாஸனம் கையொப்பமான டிஸம்பர் 8-ஆம் தேதியே அதற்கு ஏற்றது. இரண்டாவது, முறைப்படி நடத்தவேண்டிய நாட்டிற்குச் செல்லப் பிறர் ஒருப்படாராயின், சங்கத்தின் காரியாலயம் 1987 முதல் அமைந்துள்ள காட்மாண்டு நகரிலேயே அதனை நடத்துதல் வேண்டும். மூன்றாவது, தலைவர் ஒருவர் வர இயலாராயின் தம் மந்திரியையோ தூதரையோ அனுப்பலாம். எவரையும் அனுப்பாவிடினும் ஏனையோர் கூடல்வேண்டும். இது நடவாத காரியமன்று. 2020 மார்ச்சு 15-ஆம் தேதி, கொரோனாக் கொள்ளைநோய் பரவத் தொடங்கிய வேளையில், இந்தியப் பிரதம மந்திரியின் அழைப்பின்பேரில் எட்டு நாட்டாரும் காணொலி வழியாகக் கூடினர். ஏழு நாடுகளின் தலைவர்கள் தாமே தோன்றினர். பாகிஸ்தானத்தின் சார்பில் அதன் பிரதம மந்திரியின் சுகாதார ஆலோசகர் தோன்றினார். கூட்டம் அதனாற் குலையவில்லை. அவசர நிதியொன்று தோன்றியது. இந்தியா ஒரு கோடி டாலர் அதற்கென அளிக்க முன்வந்தது.

நம் கல்லூரி மாணவர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. புதுதில்லியில் 2010 முதல் நடைபெறும் தென்னாசியப் பல்கலைக்கழகம், 2005-ஆம் ஆண்டு டாக்கா மகாநாட்டில் எழுந்த யோசனையின் கனியாகும். எட்டு நாட்டு இளைஞரும் ஒரே வகுப்பிற் பயிலுதற்கென்றே அஃது எழுந்தது. தலைவர்கள் கூடாத இக்காலத்தில் அத்தகைய புதிய யோசனைகள் பிறத்தற்கு இடமில்லாது போயிற்று. நட்டம் முதியவர்க்கன்று, இனி வாழவேண்டிய இளைஞர்க்கே. ஆதலின், அண்டை நாட்டைப் பற்றிய வெறுப்புரைகளைக் கேட்குந்தோறும் அதனை அப்படியே ஏற்காது, அந்நாட்டின் வரலாற்றையும் மக்களின் வாழ்வையும் கற்றறிதல் நம் மாணவர் கடனாகும். ஆளுவோர் மக்களின் மனநிலையை நோக்கியே நடப்பர். மண்டபத்திற்குச் செல்லாமையே வீரமென்று மக்கள் கைதட்டுங்காறும் தலைவர்கள் செல்லார். சென்று, நேர்நின்று, நியாயத்தை எடுத்துரைத்து மீள்வதே வீரமென்று மக்கள் உணரும் நாளில், அம்மண்டபத்தின் கதவுகள் தாமே திறக்கும். அந்நாள் விரைவில் வருக என விழைகின்றோம்.